சுங்கை சிப்புட் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு (ஆறாம் ஆண்டு): பிள்ளையைச் சேர்க்கலாமா?

ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021-இலேயே போய்விட்டதே, ஆறாம் ஆண்டுத் தமிழுக்கு எதற்கு டியூஷன் என்று கேட்கும் பெற்றோர் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நிறையப் பேர். நியாயமான கேள்விதான். இப்போது ஆண்டு முழுதும் வகுப்பறை மதிப்பீடு, 1 முதல் 6 வரை அடைவுநிலை, முடிவில் உவாசா என்ற ஆண்டிறுதித் தேர்வு. யாரும் பிள்ளையை விரட்டுவதில்லை. ஆனால் அடுத்த ஆண்டே இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்று. அங்கே தமிழ் ஒரு தனிப்பாடம் மட்டும். 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால்தான் தாய்மொழி வகுப்பை எதிர்பார்க்க முடியும். நாள் முழுதும் தமிழ் காதில் விழும் கடைசி ஆண்டு இதுதான். அந்த ஆண்டில் பிள்ளை சொந்தமாகத் தமிழில் எழுதப் பழகிவிட வேண்டும். கடைவரிசை மாடியில் நடக்கும் இந்த வகுப்பை அந்த ஒரு கண் கொண்டுதான் பார்க்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கு எழுத்து கைகூட வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம். இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையை இங்கே அனுப்பாதீர்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை 9 முதல் 11 வரை. மாதம் 60 ரிங்கிட், பதிவுக்கு 20 ரிங்கிட். ஒரு வகுப்பில் 16 பேருக்கு மேல் எடுப்பதில்லை. ஓர் ஆசிரியர்தான். 16 பேரின் கட்டுரையை ஒரு வாரத்தில் வரி வரியாகப் பார்ப்பதே பெரிய வேலை, எண்ணிக்கையைக் கூட்டாமல் இருப்பது நல்லது. எல்பில், டோவன்பி, கமுனிங் பக்கமிருந்து வரும் பிள்ளைகளுக்கு மையம் வாகன வசதி செய்து தருவதில்லை. நாலைந்து வீட்டார் சேர்ந்து வேன் பேசிக்கொள்வதுதான் வழி.

இந்த வகுப்பின் உயிர் கட்டுரைதான். ஒரு கட்டுரைக்கு இரண்டு வாரம் எடுக்கிறார்கள். முதல் வாரம் தலைப்பைப் பற்றிப் பத்து நிமிடம் வாய்ப்பேச்சு, பிறகு குமிழி வரைபடத்தில் கருத்து சேகரிப்பு, அதன்பின் 40 நிமிடத்தில் 120 சொல் அளவில் எழுத்து. ஆசிரியர் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிழைக்கு நேராக ஓரத்தில் ஓர் எழுத்து மட்டும் போடுகிறார். 'வ' என்றால் வலிமிகுதல் (இரு சொல்லுக்கு நடுவே க், ச், த், ப் வருவது), 'எ' என்றால் எழுத்துப்பிழை, 'ப' என்றால் ஒருமை பன்மை, 'கா' என்றால் காலம், 'பே' என்றால் பேச்சுவழக்கு. சரியான வடிவத்தை எழுதித் தருவதே இல்லை. இரண்டாம் வாரம் பிள்ளை தானே பிழையைத் தேடித் திருத்தி முழுக் கட்டுரையையும் மறுபடி எழுத வேண்டும். புள்ளி அந்த இரண்டாவது படிக்குத்தான்.

வேறு இடங்களில் நடப்பது என்ன? ஆசிரியர் சிவப்பு மையால் சரியான சொல்லை மேலே எழுதுவார், பிள்ளை அதைக் கீழே மூன்று முறை திருத்தம் எழுதும். கண் பார்க்கும், கை எழுதும், மனம் அதில் இருக்காது. அடுத்த கட்டுரையில் அதே பிழை அதே இடத்தில் வந்து நிற்கும். இங்கே 'மாணவர்கள் ஓடினான்' என்ற வரியின் ஓரத்தில் 'ப' என்று மட்டும் இருந்தால், எது பன்மை, எது ஒருமை என்று பிள்ளை வரியை மூன்று முறையாவது படித்துத்தான் ஆக வேண்டும். தொடக்கத்தில் ஒரு பக்கத்தைத் திருத்தவே அரை மணிக்கு மேல் ஆகும். பெற்றோர் பொறுமை இழந்து தாங்களே சொல்லிக் கொடுத்துவிடுவது இந்த முறையைக் கெடுக்கும் முதல் காரணம். சொல்லிக் கொடுக்காதீர்கள்.

கட்டுரை வகைகள் ஆண்டு முழுதும் வரிசையாக வருகின்றன: தன்கதை, கருத்து விளக்கக் கட்டுரை, செயற்பாங்குக் கட்டுரை, உறவுக் கடிதம், அலுவல் கடிதம், வாதக் கட்டுரை, கடைசியில் சிறுகதை. தன்கதைக்குத் தலைப்புத் தேர்ந்திருக்கும் விதம் பாராட்டத்தக்கது. பேனா, காலணி, புத்தகப்பை என்று போனால் எல்லாப் பிள்ளைகளும் 'நான் ஒரு தொழிற்சாலையில் பிறந்தேன்' என்று தொடங்கிக் குப்பைத்தொட்டியில் முடிப்பார்கள். இங்கே தலைப்பு 'நான் ஒரு பால்மங்கு', அதாவது ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம். தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன, இன்றைய பிள்ளைகளில் பலர் மங்கைக் கையில் எடுத்ததே இல்லை. ஆகவே வீட்டில் பாட்டியைக் கேட்டுத்தான் எழுத முடியும். இருட்டோடு ஏன் மரம் சீவப் போனீர்கள்? விடியற்காலையில்தான் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும், வெயில் ஏறினால் பால் ஒழுகுவது குறையும். வேலையில்லாத நாளில் மங்கை ஏன் கவிழ்த்து வைத்தார்கள்? மழைநீர் தேங்கினால் கொசு முட்டையிடும். இப்படி இரண்டு மூன்று உண்மைச் செய்தி கிடைத்தால் 120 சொல் தானாக நிரம்பிவிடும். சொல் போதவில்லை என்று பிள்ளை தவிப்பது பெரும்பாலும் சொல்வதற்குச் செய்தி இல்லாததால்தான்.

அலுவல் கடிதத்தில் அமைப்புக்கே பாதிப் போராட்டம். அனுப்புநர் முகவரி, கீழே கோடு, பெறுநர் முகவரி, தேதி, 'ஐயா', கோடிட்ட தலைப்பு, இரண்டாம் பத்தியிலிருந்து எண், முடிவில் 'இக்கண்', கையொப்பம், அதன் கீழே அடைப்புக்குறிக்குள் பெயர். பிள்ளைகள் அடிக்கடி விடுவது தேதியும் தலைப்புக் கோடும். உறவுக் கடிதப் பழக்கத்தில் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்குவது இன்னொரு பிழை. பள்ளி நூலகத்துக்கு நூல் வேண்டிப் புத்தகக் கடைக்கு எழுதுவதுதான் இங்கே பயிற்சி. எத்தனை நூல், எந்த வயதுக்கு, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் கடிதத்தில் இல்லாவிட்டால் அமைப்பு சரியாக இருந்தாலும் திரும்பி வந்துவிடும். கடிதம் வேலைக்கு ஆக வேண்டும் என்ற அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

வாதக் கட்டுரையில் ஒரே கருத்தை மூன்று சொல்லில் மாற்றி எழுதி மூன்று கருத்து என்று கணக்குக் காட்டுவது வழக்கமான தவறு. 'கைத்தொலைபேசி படிப்பைக் கெடுக்கும், கவனத்தைச் சிதைக்கும், கல்வியைப் பாதிக்கும்' என்பதெல்லாம் ஒன்றேதான். ஆகவே ஒவ்வொரு கருத்துக்குப் பின்னும் 'ஏனெனில்' என்று தொடங்கும் ஒரு வாக்கியம் கட்டாயம். மூன்று 'ஏனெனில்' வாக்கியத்தையும் அடுத்தடுத்து வாசித்தால் கருத்து ஒன்றா மூன்றா என்று பிள்ளைக்கே புரிந்துவிடும். எதிர்த்தரப்பின் வலுவான கருத்தை ஒரு பத்தியில் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும் என்றும் ஒரு விதி. ஆறாம் ஆண்டுக்கு இது சற்றுக் கனமானதுதான், ஆனால் படிவம் ஒன்றுக்குப் போகும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய சீதனம் இல்லை.

இலக்கணத்துக்கு வாரம் 30 நிமிடம் மட்டும். விதியை மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. உரக்க வாசிக்க வைத்து, நாக்கு எங்கே அழுத்துகிறது என்று கவனிக்கச் சொல்லித் தொடங்குகிறார்கள். 'படத்தைப் பார்த்தான்', 'பள்ளிக்குச் சென்றான்' என்று ஐ, கு என்ற இரண்டு வேற்றுமை உருபுகளையும் முதலில் நிலைநிறுத்துகிறார்கள். பிள்ளையின் கட்டுரையில் வரும் வலிமிகும் இடங்களில் பெரும்பகுதி இவைதான் என்பதால் இது சரியான வரிசை. பிறகு 'அந்தப் பையன்', 'ஓடிப் போனான்', 'படிக்கச் சென்றான்'. மிகா இடங்கள் அதற்கு அப்புறம்தான். இங்கேதான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். வலி போடுவது பழகியவுடன் 'படித்தப் பாடம்', 'நல்லப் பிள்ளை', 'வந்துப் பார்த்தான்' என்று எல்லா இடத்திலும் போட்டுவிடுவார்கள். 'கேட்டுக் கொண்டான்' என்பதில் மிகும், 'வந்து கொண்டான்' என்பதில் மிகாது. முதல் சொல்லில் 'து' போன்ற கடைசி எழுத்துக்கு முன்னால் வல்லின மெய் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள்: கேட்டு, எடுத்து, வைத்து என்றால் போடு, வந்து, செய்து, அழுது என்றால் விடு. இதைவிட எளிமையாக வன்தொடர்க் குற்றியலுகரத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல முடியாது.

புணர்ச்சிக்கும் ஊரிலிருந்தே எடுத்துக்காட்டு. பால் + குடம் = பாற்குடம், ல் திரிந்து ற் ஆவது திரிதல். தைப்பூசத்துக்கு வீட்டில் 'பால்குடம்' என்றுதான் எல்லாரும் சொல்வோம், ஆகவே பிள்ளை முதலில் நம்பாது, பிறகு மறக்காது. வாழை + பழம் = வாழைப்பழம் தோன்றல், மரம் + வேர் = மரவேர் கெடுதல். ஒரு/ஓர், அது/அஃது வேறுபாட்டைத் தனிப்பாடமாக்காமல் கட்டுரை ஓரத்திலேயே பார்த்துக்கொள்கிறார்கள், அதுவும் போதும்.

மொழியணிப் பகுதியில் திருக்குறள், செய்யுள், பழமொழி, மரபுத்தொடர், இரட்டைக்கிளவி, உவமைத்தொடர் எல்லாம் பள்ளிப் பாடத்திட்ட வரிசைப்படியே வருகின்றன. பொருளை ஒப்பித்தால் பாதிப் புள்ளிதான். அந்த மொழியணி பொருந்தும் ஒரு சூழலைப் பிள்ளை சொந்தமாக எழுத வேண்டும். இந்தக் கண்டிப்பு ஏன் தேவை என்பது 'கரைத்துக் குடித்தல்' என்ற மரபுத்தொடருக்கு வரும் விடையைப் பார்த்தால் தெரியும்: 'தம்பி மைலோவைக் கரைத்துக் குடித்தான்.' பொருளைக் கேட்டால் 'முழுமையாகக் கற்றறிதல்' என்று அதே பிள்ளை தடங்கலில்லாமல் சொல்லும். மனப்பாடமும் பயன்பாடும் இரண்டு தனித்தனி அறையில் கிடக்கின்றன. சூழல் எழுதச் சொன்னால்தான் அது வெளியே தெரிகிறது.

கருத்துணர்தல் சுமார் ரகம். கடந்த ஆண்டுகளின் பயிற்சித்தாள்களை நகலெடுத்துத் தருகிறார்கள். நகல் மங்கல், படம் கறுப்புத் திட்டாக இருக்கிறது. படத்தைப் பார்த்துப் பதில் எழுதும் கேள்விக்கு இது சரிப்படாது. உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகளுக்குப் பனுவலில் உள்ள வரியையே பெயர்த்து எழுதும் பழக்கத்தையும் இந்த வகுப்பு போதுமான அளவு உடைக்கவில்லை. 'ஏன்', 'நீ என்றால் என்ன செய்வாய்' என்ற கேள்விக்குப் பிள்ளை சொந்த வாக்கியத்தில் பதில் எழுத வாரம் ஒரு கேள்வியாவது தனியாக எடுக்க வேண்டும்.

பெரிய குறை கேட்டல் பேச்சு. பள்ளியில் ஆசிரியர் ஆண்டு முழுதும் கவனித்து அடைவுநிலை போடும் திறன் இது. இங்கே கட்டுரைக்கு முந்தைய அந்தப் பத்து நிமிடத்தோடு சரி, அதிலும் வாய்த்துடுக்கான நாலு பிள்ளைகளே பேசுகிறார்கள். பின்வரிசையில் உட்காரும் கூச்சப் பிள்ளை ஆண்டு முழுதும் வாய் திறக்காமலே போகலாம். ஒரு நாளைக்கு இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம் எழுந்து நின்று பேச வைத்தால் எட்டு வாரத்தில் 16 பேரும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். மையம் இதைச் செய்ய வேண்டும்.

வாசிப்புக்கும் இங்கே நேரமில்லை. அதனால்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு இது பொருந்தாது என்கிறேன். ஓரத்தில் போடும் குறியீடு வேலை செய்ய வேண்டுமென்றால் தான் எழுதிய வரியைத் தானே படித்துப் பிழை உணரும் திறன் முதலில் வேண்டும். அது இல்லாத பிள்ளைக்கு ஓரமெல்லாம் எழுத்தாக நிரம்பிய தாள் வெறும் தண்டனைதான். ல, ள, ழ தடுமாற்றமும் ண, ன தடுமாற்றமும் உள்ள பிள்ளையை வீட்டிலேயே தினமும் பத்து நிமிடம் மக்கள் ஓசை, மலேசிய நண்பன் போன்ற நாளிதழில் ஒரு சிறு செய்தியை உரக்க வாசிக்க விடுங்கள். சொல்வதெழுதுதலும் சேர்த்துச் செய்தால் இரண்டு மூன்று மாதத்தில் முன்னேற்றம் தெரியும், பிறகு சேர்க்கலாம்.

நடு ஆண்டில் சேர்ப்பதையும் தவிர்க்கலாம். குறியீட்டு முறை பழகவே முதல் இரண்டு கட்டுரை ஆகிவிடுகிறது, தாமதமாக வரும் பிள்ளை அந்தப் படியைத் தாண்டாமல் நேரே வாதக் கட்டுரையில் விழும். கட்டணத்தையும் மாதாமாதம் கட்டும்படி கேளுங்கள். மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் கழிவு உண்டு என்பார்கள், ஆனால் முதல் கட்டுரையின் இரண்டாவது படி கைக்கு வரும்வரை பொறுத்திருந்து முடிவு செய்யலாம்.

முதல் நாளுக்கு ஒற்றைக் கோட்டு நோட்டுப்புத்தகம் இரண்டு, பென்சில், நீல மைப் பேனா, பள்ளித் தமிழ்மொழிப் பாடநூல். நோட்டுகளில் ஒன்று முதல் படிக்கு, மற்றது திருத்திய படிக்கு. இரண்டையும் ஆண்டு முடியும்வரை தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்கிறார்கள். படிவம் ஒன்றில் தமிழ் எடுக்கும் பிள்ளைக்கு வேறு வழிகாட்டி நூல் வாங்குவதற்கு முன் அந்த நோட்டுகளையே எடுத்துக் கொடுங்கள்.