மும்மொழிச் செயலிகளுக்கான திறந்த மூலச் சோதனை, பாதுகாப்பு நூலகங்கள்: கொழும்பிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

கொழும்பில் இணையச் செயலிகளை உருவாக்கும் குழுக்களுக்கு வரும் பணிகளில் பெரும்பாலானவை மும்மொழிப் பணிகளே. மருத்துவ நிலையத்தின் முன்பதிவானாலும் மாணவர் பதிவானாலும், சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே தரத்தில் இயங்க வேண்டும் என்றுதான் கேட்கப்படுகிறது. ஆனால் சோதனைத் தரவுகள் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. எல்லாச் சோதனைகளும் தேறிய செயலி, கொட்டாஞ்சேனையில் ஒருவர் தமது பெயரைத் தமிழில் உள்ளிட்டவுடன் அதை ஏற்க மறுப்பதற்கு இதுவே காரணம். வெள்ளவத்தையில் இயங்கும் எங்கள் சிறு குழு பல ஆண்டுகளாக நோட் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்டைச் சேவையகத்தில் இயக்கும் தளம்) செயலிகளில் பயன்படுத்திவரும் நூலகங்களை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளை, இங்கு ஒப்பிடுகிறேன். தமிழிலும் சிங்களத்திலும் எழுதும் பயனரைப் பாதிக்கும் பிழையை எந்தக் கருவி வெளிக்கொணர்கிறது என்பதே எனது முதன்மையான அளவுகோல்.

உலாவியைத் தானாக இயக்கிப் பார்க்கும் சோதனையில் செலீனியம் என்ற கருவியில் தொடங்கி, சைப்ரஸைச் சில காலம் கையாண்டு, இறுதியில் பிளேரைட்டில் நிலைகொண்டோம். செலீனியம் 2004 இல் தோன்றியது. உலாவிக்குக் கட்டளையிடும் அதன் வெப்டிரைவர் நெறிமுறை 2018 இல் இணையத் தர நிர்ணயமாகவும் ஏற்கப்பட்டது. ஜாவா, பைத்தன், சி ஷார்ப் எனப் பல மொழிகளில் சோதனை எழுத இடமளிப்பதால், ஜாவாவில் ஊறிய பெரிய நிறுவனங்கள் அதை விடாமல் வைத்திருப்பதில் நியாயம் உண்டு. எங்களுக்குச் சுமையாக இருந்தது காத்திருப்புதான். ஒரு பொத்தான் தோன்றி, அழுத்தத் தயாராகும்வரை காத்திருக்கும் கட்டளையை ஒவ்வோர் இடத்திலும் நாமே எழுத வேண்டும். அது சற்றுப் பிசகினாலும் அதே சோதனை ஒரு தடவை தேறும், மறு தடவை தோற்கும். அப்படிப்பட்ட சோதனைகள் பெருகினால் குழுவினர் தோல்வியைக் கண்டதும் ஆராயாமல் மீண்டும் ஓடவிடப் பழகுகிறார்கள். உண்மையான பிழையும் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகத் தப்பிவிடுகிறது.

சைப்ரஸ் உலாவிக்குள்ளேயே இயங்குவது. சோதனையின் ஒவ்வொரு படியையும் பின்னோக்கிப் பார்க்க முடிவதால், புதிதாகச் சேர்பவர்கள் அதில் விரைவாகக் கை பழகுகிறார்கள். எனினும், கட்டணம் செலுத்தும்போது பயனர் வங்கியின் தளத்துக்குச் சென்று மீளும் நடைமுறையைச் சோதிக்க அதில் தனியான கட்டளைகள் தேவைப்படுகின்றன. சோதனைகளைப் பல கணினிகளில் சமமாகப் பகிர்ந்து ஓடவிடுவதற்குக் கட்டணச் சேவையையே அது முன்வைக்கிறது. மைக்ரோசொஃப்ட் 2020 ஜனவரியில் வெளியிட்ட பிளேரைட், குரோமியம், ஃபயர்ஃபொக்ஸ், வெப்கிட் ஆகிய மூன்று உலாவி இயந்திரங்களிலும் ஒரே சோதனையை ஓட்டுகிறது. பகிர்ந்து ஓட்டுவதற்கும் தனிக் கட்டணம் இல்லை. ஐபோன் உலாவிகள் வெப்கிட்டில் இயங்குவதால், தமிழ் எழுத்துருக்கள் கட்டங்களுக்குள் அடங்காமல் வழியும் சிக்கலைப் பயனர் சொல்லும் முன்னரே காண முடிந்தது. பொத்தான் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, அழுத்தக்கூடியதா என்பதை அது தானே பார்த்த பிறகே அழுத்துகிறது.

நேர வலயத்தை மாற்றிச் சோதிக்கும் அதன் வசதியைத் தனியே சொல்ல வேண்டும். இலங்கையின் நேரம் எல்லாக் காலத்திலும் உலக நியம நேரத்திலிருந்து ஐந்தரை மணி முந்தியதாகவே இருந்ததென்று கொள்ள முடியாது. 1996 மே மாதத்தில் அது ஆறரை மணியாகவும், அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறு மணியாகவும் மாற்றப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரை மணிக்குத் திரும்பியது. பிறந்த திகதியை நள்ளிரவு நேரமாகச் சேமித்து, காட்டும்போது ஐந்தரை மணியை நிலையாகக் கூட்டும் நிரலில், 2001 இல் பிறந்த ஒருவரின் பிறந்த நாள் முந்தைய நாளாகத் தெரியும். இன்று பல்கலைக்கழகங்களுக்கும் வேலைகளுக்கும் விண்ணப்பிக்கும் வயதினர் பலர் அந்தக் காலத்தில் பிறந்தவர்கள். வலயத்தைக் கொழும்பு என அமைத்து, பழைய திகதிகளையும் சோதனையில் சேர்த்தால் மட்டுமே இது பிடிபடும். இயன்றால் பிறந்த திகதியை நேரம் இல்லாத வெறும் திகதியாகவே சேமிப்பது நல்லது.

நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே பார்க்கும் அலகுச் சோதனையில் ஜெஸ்ட், வீடெஸ்ட் இரண்டுமே போதுமானவை. வீட் என்ற கட்டுமானக் கருவி கொண்டு கட்டும் செயலியானால் அதே அமைப்புக் கோப்பைப் பகிரும் வீடெஸ்ட் இலகுவானது. பழைய செயலியில் ஜெஸ்ட் நன்றாக ஓடுகிறதென்றால் மாற்றத் தேவையில்லை. இவற்றோடு ஃபாஸ்ட்செக் நூலகத்தைச் சேர்த்துக்கொள்வதே பெரும் பயன் தருவது. நாம் எழுதும் எடுத்துக்காட்டுகளோடு நில்லாமல் அது எண்ணற்ற உள்ளீடுகளைத் தானே உருவாக்கி, தோல்வி கண்டால் அதை மிகச் சிறிய வடிவத்துக்குச் சுருக்கிக் காட்டுகிறது. ஆனால் அதன் எழுத்துச் சரங்களும் இயல்பில் ஆங்கில எழுத்துகளையும் குறிகளையுமே தருகின்றன. பிற மொழி எழுத்துகள் வேண்டுமென்றால் நாமே கேட்டுப் பெற வேண்டும்.

அப்படிக் கேட்டதும் வெளிவந்தவைதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். ‘எழுத்துகளை மட்டும் ஏற்கவும்’ என்று யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் தர நிர்ணயம்) எழுத்து வகையை மட்டும் அனுமதிக்கும் சரிபார்ப்பு, தமிழின் புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் மறுத்துவிடுகிறது. அவை யூனிகோட்டில் குறிகள் என்ற வேறு வகையைச் சேர்ந்தவை. ‘கொழும்பு’ என்ற சொல்லில் நம் கண்ணுக்கு நான்கு எழுத்துகள் உள்ளன. ஜாவாஸ்கிரிப்ட் அதை 8 என்று எண்ணும். ஒகரக் குறி எகரக் குறியும் காலுமாகப் பிரித்துச் சேமிக்கப்பட்டிருந்தால் 9 என்று எண்ணும். திரையில் இரண்டும் ஒன்றே, தேடலில் ஒன்று மற்றதைக் கண்டுபிடிக்காது. உள்ளீட்டைச் சேமிக்கும் முன் பிரிந்த குறிகளை ஒன்றுசேர்க்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். ஆனால் ஸ்ரீகாந்தன், ஸ்ரீதரன் போன்ற பெயர்களுக்கு அதுவும் போதாது. முதலெழுத்தை ‘ஸ’வில் தொடங்கியும் எழுதலாம், 2005 இல் யூனிகோட்டில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். என்எஃப்சி இவற்றை ஒன்றாக்குவதில்லை. தேடலுக்கென ஒரு பொருத்தப் பட்டியலை நாங்களே எழுதிச் சோதனையிலும் சேர்த்தோம். ஸோட் போன்ற சரிபார்ப்பு நூலகத்தில் பெயருக்கு நீள வரம்பு வைப்பவர்கள் இந்த எண்ணிக்கையை மனத்தில் கொள்வது அவசியம். ஆங்கிலப் பெயருக்குத் தாராளமான வரம்பு, தந்தை பெயரோடு எழுதப்படும் தமிழ்ப் பெயருக்கு நெருக்கடியாகும்.

சிங்களத்தில் நிலைமை இன்னும் நுட்பமானது. இலங்கையின் பெயருக்கு முன்வரும் ஸ்ரீ என்ற எழுத்தைச் சிங்களத்தில் சரியாகக் காட்ட, கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் ஒன்று தேவை. ‘மறைந்த எழுத்துகள் ஆபத்தானவை’ என்று எல்லாவற்றையும் அகற்றும் பாதுகாப்பு வடிகட்டி அந்த இணைப்பானையும் அகற்றி, நாட்டின் பெயரையே சிதைத்துவிடுகிறது. இக்காரணத்தால்தான், பயனர் தரும் வடிவமைத்த உரையைச் சுத்திகரிக்க டொம்பியூரிஃபை நூலகத்தைப் பரிந்துரைக்கிறேன். ஆபத்தான குறிச்சொற்களையும் பண்புகளையும் அகற்றி உரையை அப்படியே விடும் அதன் அணுகுமுறை எங்கள் மொழிகளுக்குப் பாதகமில்லாதது. சேவையகத்தில் அதைப் பயன்படுத்த, உலாவியின் பக்க அமைப்பை உருவகிக்கும் ஜேஎஸ்டொம் துணை வேண்டும்.

எக்ஸ்பிரஸ் என்ற நோட் ஜேஎஸ் சட்டகத்தில் எழுதிய செயலிகளுக்கு ஹெல்மெட் நூலகம் தரும் பயன் அதன் அளவுக்கு மிஞ்சியது: ஒரு வரியில், உலாவிக்கு அனுப்பும் பாதுகாப்புத் தலைப்புகள் பல சேர்ந்துவிடுகின்றன. அதன் இயல்பான உள்ளடக்கக் கொள்கை, பக்கத்துக்குள் நேரடியாக எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகளைத் தடுக்கும் என்பதால், பழைய செயலியில் முதலில் அறிக்கையிடும் நிலையில் மட்டும் இயக்கிப் பார்த்து, பிறகு கட்டாயமாக்குவது பாதுகாப்பானது. அதே சூழலில் பரவலாக இருந்த, பயனர் அறியாமல் வேறு தளத்திலிருந்து அவர் பெயரில் அனுப்பப்படும் கோரிக்கைகளைத் தடுக்கும் சீசர்ஃப் நூலகம் 2022 இல் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. இன்னமும் அதை நம்பியிருக்கும் செயலிகளை இங்கே காண்கிறேன். அவற்றைப் பராமரிப்பவர்கள் மாற்று ஏற்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

ஊடுருவல் சோதனைக்கு ஸாப் என்ற கருவி போல இலவசமாகவும் ஆழமாகவும் கிடைப்பது வேறில்லை. 2010 இல் வெளியாகி, நீண்டகாலம் இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் திட்டமாக இருந்த அது 2023 இல் அங்கிருந்து விலகினாலும் திறந்த மூலமாகவே தொடர்கிறது. போக்குவரத்தைப் பார்த்துக் குறை சொல்லும் அடிப்படை ஆய்வை ஒவ்வொரு வெளியீட்டிலும் ஓட்டலாம். தாக்குதலை ஒத்த தீவிர ஆய்வைப் பரீட்சார்த்தச் சேவையகத்தில் மட்டுமே, உரிமையாளரின் எழுத்து மூல அனுமதியுடன் ஓட்ட வேண்டும்; அனுமதியற்ற அணுகல் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றமாகும்.

ஸாப் தானாகக் கண்டுகொள்ளாத குறையே மிகவும் ஆபத்தானது. ஒரு நோயாளி, முகவரியில் உள்ள எண்ணை மாற்றி இன்னொருவரின் அறிக்கையைத் திறக்க முடிகிறதா? ஓவாஸ்ப் அமைப்பின் 2021 பாதுகாப்புக் குறைகள் பட்டியலில் முதலிடம் பெற்றது இந்த வகை அணுகல் கட்டுப்பாட்டுக் குறைதான். யாருக்கு எது உரியது என்பது கருவிக்குத் தெரியாது, எங்களுக்குத்தான் தெரியும். பிளேரைட்டில் இரண்டு பயனர்களின் உள்நுழைவு நிலைகளைத் தனித்தனியே சேமித்து, ஒருவரின் ஒவ்வொரு பக்கத்தையும் மற்றவராகத் திறக்க முயன்று, மறுக்கப்படுகிறதா என்று பார்க்கும் சோதனைகளை எழுதியிருக்கிறோம். பாதுகாப்புக்கென நாங்கள் செலவிடும் உழைப்பில் இதற்கு ஈடான பலன் தருவது வேறொன்றும் இல்லை.

சார்பு நூலகங்களைப் பொறுத்தவரை, நோட் ஜேஎஸ் தொகுப்பு மேலாளரான என்பிஎம்மின் ஆடிட் கட்டளை அறியப்பட்ட குறைகளை மட்டுமே சொல்லும். 2025 செப்டெம்பரில் சோக், டீபக் போன்ற மிகப் பரவலான நூலகங்களின் பராமரிப்பாளர் கணக்கு ஏமாற்று மின்னஞ்சலால் பறிபோய், தீங்கான பதிப்புகள் வெளியாகின. பதிப்புகளைப் பதிந்து வைக்கும் பூட்டுக் கோப்பின்படி மட்டுமே நிறுவுவதும், புதிய பதிப்பைச் சில நாட்கள் தாமதித்து ஏற்பதும் அத்தகைய சந்தர்ப்பங்களில் காப்பாற்றும். சோதனைத் தரவுக்கு உண்மையான வாடிக்கையாளர் பதிவுகளைப் படியெடுக்கும் வழக்கத்தையும், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு எவரும் தொடரக் கூடாது. தமிழ், சிங்கள, முஸ்லிம் பெயர்கள் கலந்த கற்பனைப் பட்டியலைத் தயாரித்து, ஒன்பது இலக்கங்களோடு ஓர் ஆங்கில எழுத்தில் முடியும் பழைய அடையாள அட்டை எண்களையும் பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட புதிய எண்களையும் அதில் சேர்த்து, ஒவ்வொரு புதிய பணியையும் அந்தப் பட்டியலுடனேயே தொடங்குகிறோம்.