சர்வர் மாறிய திங்கட்கிழமை: வேஷம் கட்டுவதா, பயனரைத் திருத்துவதா, பழையதையும் ஓட விடுவதா?

பலர் பொதுவில் பயன்படுத்தும் ஒரு சர்வரைப் புதிய இயங்குதளத்துக்கு மாற்றும் வேலை சனி ஞாயிறில் முடிந்துவிடும். உண்மையான வேலை திங்கள் காலை ஒன்பதரைக்குத்தான் தொடங்கும். சென்டோஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான பராமரிப்பு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு நின்றுபோனதால், எத்தனையோ ஆய்வகங்களும் சிறு அலுவலகங்களும் அந்தத் திங்கட்கிழமையைக் கடந்து வந்திருக்கின்றன. தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பவர்கள் இனிமேல்தான் கடக்க வேண்டும். இங்கே நான் எடுத்துக்கொள்வது அப்படிப்பட்ட ஒரு மாற்றத்தைத்தான்: நாற்பது பேர் எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலைநுழைவு வழியாக நுழைந்து பைத்தான், ஃபோர்ட்ரான் நிரல்களை ஓட்டும் ஓர் ஆய்வகச் சர்வர், சென்டோஸ் 7-இலிருந்து ராக்கி லினக்ஸ் 9-க்கு மாறுகிறது. "வெள்ளிக்கிழமை வரைக்கும் நல்லா ஓடிட்டிருந்துச்சு சார்" என்று ஒருவர் வந்து நிற்கும்போது, நிர்வாகியின் முன்னே மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, புதிய சர்வரைப் பழையது போலவே காட்டுவது. பழைய பாதைகளுக்கு சிம்லிங்க் (ஒரு பெயரை வேறொரு இடத்துக்குத் திருப்பிவிடும் குறுக்குவழி), பழைய கட்டளைப் பெயர்களுக்கு ஒரு சிறு உறை நிரல், பழைய பாதுகாப்பு விதிகளுக்குத் தளர்வு என்று போகும் இந்த வழியை நான் வேஷம் என்றே அழைக்கிறேன். இரண்டாவது, பயனரின் பக்கத்தில் அமர்ந்து அவருடைய நிரல்களையும் அமைப்புக் கோப்புகளையும் புதிய சர்வருக்கு ஏற்றபடி திருத்துவது. மூன்றாவது, பழைய சர்வரையும் சில மாதங்கள் கூடவே ஓட விட்டு, முடியாதவர்கள் அங்கேயே இருக்கட்டும் என்று விடுவது. மூன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. என் கணிப்பில், எது பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பிழை சத்தம் போட்டு நிற்கும் பிழையா, சத்தமில்லாமல் தவறான விடையைத் தந்துவிட்டுப் போகும் பிழையா?

வழியைத் தேர்வதற்கு முன், கோளாறு யாருடைய பக்கம் என்பதை ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடலாம். எந்த அமைப்புக் கோப்பும் தொடப்படாத ஒரு வெற்றுக் கணக்கை வைத்துக்கொண்டு, புகாரில் சொல்லப்பட்ட அதே வேலையை அந்தக் கணக்கில் செய்து பார்க்க வேண்டும். வெற்றுக் கணக்கிலும் தோற்றால் குறை சர்வரில். அங்கே ஓடினால் குறை பெரும்பாலும் அந்தப் பயனரின் பாஷ்ஆர்சி கோப்பில் (நுழையும்போது தானாக ஓடும் அவருடைய அமைப்புக் கோப்பு), எட்டு ஆண்டுகளாக ஒவ்வொரு சீனியரும் ஒரு வரி சேர்த்துவிட்டுப்போன கோப்பில், இருக்கும். சர்வரின் குறைக்கு நல்ல உதாரணம் எஸ்இலினக்ஸ், அதாவது வழக்கமான கோப்பு அனுமதிகளுக்கு மேல் இன்னொரு காவல் போடும் லினக்ஸ் பாதுகாப்பு அமைப்பு. பயனர் கோப்புறைகளை வழக்கமான ஹோம் பாதையிலிருந்து பெரிய வட்டுக்கு நகர்த்திவிட்டு, அந்தப் புதிய இடமும் ஹோம்தான் என்று எஸ்இலினக்ஸுக்குச் சொல்லாமல் விட்டால், பயனரின் எஸ்எஸ்ஹெச் சாவியை சர்வரால் படிக்க முடியாது. கோப்பு அனுமதிகளைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனாலும் சாவியை ஏற்காமல் கடவுச்சொல்லைக் கேட்கும். காரணம் ஆடிட் பதிவேட்டில் மட்டும் ஒரு வரியாகக் கிடக்கும். இந்த இடத்தில் எஸ்இலினக்ஸையே அணைத்துவிடும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. புதிய பாதைக்கு ஹோமின் அடையாளத்தைக் கொடுத்து, அந்த அடையாளத்தைக் கோப்புகளில் பதிக்கும் ரீஸ்டோர்கான் கட்டளையை ஒருமுறை ஓட்டினால் நாற்பது பேருக்கும் சேர்த்துத் தீர்ந்துவிடும் காரியம் அது. இத்தகைய குறைகளை மூன்று வழிகளில் எதிலும் சேர்க்கக் கூடாது. மாற்றத்தில் விட்டுப்போன வேலை என்று ஒப்புக்கொண்டு முடித்துவிட வேண்டும்.

வேஷம் கட்டுவது நியாயமாக இருக்கும் இடம் ஒன்று உண்டு, அது சர்வரின் அடையாளச் சாவி. அதே பெயரில் புதிய சர்வர் வேறு சாவியோடு எழுந்தால், நாற்பது பேரின் திரையிலும், எதிர்முனையின் அடையாளம் மாறிவிட்டது, யாரோ இடையில் புகுந்திருக்கலாம் என்ற பெரிய எச்சரிக்கை வரும். பயனர்களைத் திருத்தும் வழியில் போனால், சேமித்து வைத்திருக்கும் பழைய சாவியை நீக்கச் சொல்லி எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். அந்த மின்னஞ்சல் உண்மையில் கற்றுக்கொடுப்பது என்னவென்றால், இந்த எச்சரிக்கை வந்தால் பயப்படாமல் தாண்டிப் போகலாம் என்பதைத்தான். நாளைக்கு நிஜமாகவே ஒருவன் இடையில் புகுந்தாலும் அவர்கள் தாண்டித்தான் போவார்கள். பழைய சர்வரின் சாவிக் கோப்புகளைப் புதியதற்கு நகலெடுத்துவிட்டால் எச்சரிக்கையே வராது. சேவை அதுவேதான், நிர்வாகி அவரேதான் என்பதால் இதில் பொய்யும் இல்லை. பயனர் கோப்புறைகளின் பழைய பாதைக்கு ஒரு சிம்லிங்க் போடுவதும் இதே வகை. அது தவறினால் கோப்பு இல்லை என்ற செய்தி உடனே வரும், யாரையும் ஏமாற்றாது.

புகார்களில் சில, கோளாறே இல்லாதவை. "சார், என் ஃபைல் பேரெல்லாம் மாறிப்போச்சு, ரெண்டு பக்கமும் கோட்ஸ் வந்திருக்கு" என்று ஒரு ஆய்வு மாணவி பதறிக்கொண்டு வந்தார். பெயர் எதுவும் மாறவில்லை. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை, அது அடங்கிய கோர்யூட்டில்ஸ் தொகுப்பின் 2016-இல் வந்த 8.25 பதிப்பு முதல், இடைவெளி உள்ள பெயர்களை முனையத்தில் மேற்கோள் குறிக்குள் காட்டுகிறது; சென்டோஸ் 7-இல் இருந்ததோ 8.22. இதற்குப் போய் பழைய தோற்றத்தைத் திரும்பக் கொண்டுவரும் அமைப்பை சர்வர் முழுக்கப் போடுவது வீண். விளக்கிச் சொன்னால் போதும்.

சிக்கல் முற்றுவது பைத்தானில். சென்டோஸ் 7-இல் பைத்தான் என்று தட்டினால் ஓடியது 2.7.5. ராக்கி 9-இல் பைத்தான் 2 கிடையாது. இயல்பாக இருப்பது 3.9. எண் இல்லாத வெறும் பைத்தான் என்ற பெயர் வேண்டுமென்றால் அதற்கென உள்ள தனிப் பொதியை நிறுவிக்கொள்ளலாம், அது பைத்தான் 3-ஐத்தான் சுட்டும். வேஷத்தின் ஆதரவாளர் உடனே அந்தப் பொதியை நிறுவுவார். பைத்தான் கிடைக்கவில்லை என்ற புகார்கள் பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்கியது புகார்தான். அடைப்புக்குறி இல்லாமல் பிரிண்ட் எழுதியிருக்கும் நிரல்கள் முதல் நொடியிலேயே இலக்கணப் பிழை என்று நின்றுவிடும் என்பதால் அவற்றால் ஆபத்தில்லை. அடைப்புக்குறியோடு எழுதியிருந்த நிரல்கள்தான் பயமுறுத்துகின்றன, ஏனெனில் அவை இரண்டிலும் ஓடும்.

நான் பார்த்த ஒரு நிரல், கருத்துக்கணிப்பில் வந்த வயதுகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணுவது. வயதைப் பத்தால் வகுத்து, வந்த எண்ணை ஒரு டிக்ஷனரியின் (பெயருக்கு ஒரு மதிப்பு வைக்கும் பட்டியல்) சாவியாக வைத்திருந்தார்கள். பைத்தான் 2-இல் 31, 34, 37 மூன்றையும் பத்தால் வகுத்தால் 3 என்றே வரும், மூன்றும் ஒரே கூடையில் விழும். பைத்தான் 3-இல் அதே வரி 3.1, 3.4, 3.7 என்று மூன்று கூடைகளை உண்டாக்குகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை, நிரல் முழுதாக ஓடி முடிந்து கோப்பையும் எழுதிவிட்டது. வரைபடத்தில் எட்டுக் கம்பங்கள் இருந்த இடத்தில் அறுபதுக்கு மேல் நின்றதால் மட்டுமே அது கண்ணில் பட்டது. சராசரி போன்ற ஒற்றை எண்ணாக இருந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். சராசரியின் கதை இன்னும் விசித்திரமானது: முழு எண்களைக் கூட்டி வகுக்கும்போது தசமத்தை வெட்டி எறிந்தது பழைய சர்வர்தான், புதியது சரியான விடையைத் தருகிறது, ஆனால் பயனர், பழைய விடையோடு ஒத்துப்போகவில்லை என்று புதிய சர்வரைத்தான் குற்றம் சொல்வார்.

ஆகவே பைத்தான் விஷயத்தில் வேஷத்தை நான் ஏற்பதில்லை. அந்தப் பெயரை வேண்டுமென்றே காலியாக விட்டுவிட்டு, கட்டளை இல்லை என்ற பிழை வரட்டும் என்று காத்திருப்பதே மேல். வந்தவர்களோடு அமர்ந்து ஒவ்வொரு வகுத்தல் குறியையும் பார்க்க வேண்டியிருக்கும். ஒருவருக்கு அரைமணி முதல் அரைநாள் வரை ஆகும் இந்த வேலையை நாற்பது பேருக்கு ஒரு நிர்வாகி செய்வது சுலபமல்ல என்பதை மறுக்க மாட்டேன்.

ஃபோர்ட்ரானில் இதே போட்டி வேறு உருவத்தில் வருகிறது. சென்டோஸ் 7-இல் ஜிசிசி 4.8.5-ஆல் (மூலநிரலை ஓடும் கோப்பாக மாற்றும் தொகுப்பி) தொகுத்த நிரலை அப்படியே ஓட்டினால், அதற்குத் தேவையான நூலகமான லிப்ஜிஃபோர்ட்ரான் 3 கிடைக்கவில்லை என்று நிற்கும், ஏனெனில் புதியதில் இருப்பது 5. இங்கே சிலர் இணையத்தில் பார்த்துவிட்டு 5-க்கு 3 என்று ஒரு சிம்லிங்க் போடுகிறார்கள். கோப்புறைக்குப் போட்ட சிம்லிங்க்கும் இதுவும் பார்வைக்கு ஒன்றுதான், தன்மையில் வேறு: நூலகத்தின் எண் மாறியிருப்பதே உள்ளமைப்பு ஒத்துப்போகாது என்பதை அறிவிக்கத்தான், அந்த அறிவிப்பை வாய்மூடச் செய்தால் நிரல் பாதியில் விழலாம், அல்லது விழாமல் எதையாவது எழுதலாம். திரும்பத் தொகுப்பதே சரியான வழி. அதிலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. ஜிசிசி 10 முதல், ஒரே சப்ரூட்டீனை (துணை நிரலை) வெவ்வேறு வகை மதிப்புகளோடு அழைப்பது பிழையாகவே கருதப்படுகிறது. ராக்கி 9-இல் இருப்பது ஜிசிசி 11 என்பதால், முப்பது வருடத்துக்கு முந்தைய ஃபோர்ட்ரான் 77 நிரல்கள் வரிசையாகப் பிழை காட்டும். அதை வெறும் எச்சரிக்கையாகக் குறைக்கும் தொகுப்பு விருப்பம் ஒன்று இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அது அந்த நிரலின் தொகுப்பு விதிகள் உள்ள மேக்ஃபைலில் கண்ணில் படும்படி எழுதப்பட வேண்டும், சர்வர் முழுதுக்குமான அமைப்பாக ஒளிந்திருக்கக் கூடாது. ராக்கி 9 இயல்பாக ஏற்காத, பழைய பாதுகாப்பு முறையான ஷா-1 கையொப்பத்தைப் பொறுத்தும் என் நிலை இதுவே. எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைய உதவும் புட்டி மென்பொருளின் பழைய பதிப்பை வைத்திருக்கும் ஒருவரால் ஆர்எஸ்ஏ சாவியோடு நுழைய முடியவில்லை என்பதற்காக சர்வரின் பாதுகாப்புக் கொள்கையைத் தளர்த்தினால், ஒருவருக்காக நாற்பது பேரின் கதவும் திறந்துகிடக்கும். அவருடைய புட்டியைப் புதுப்பித்துக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.

மூலநிரலே தொலைந்துபோன நிரல்களுக்கு என்ன செய்வது என்ற நியாயமான கேள்வி எஞ்சுகிறது. எழுதியவர் படிப்பை முடித்து வெளிநாடு போய்விட்டார், கையில் இருப்பது ஓடும் கோப்பு மட்டும். நிரல்களைப் பொறுத்தவரை இவர்களுக்காக மட்டும் நான் ஒரு வேஷத்தை ஏற்கிறேன்: அப்டெய்னர் என்ற மென்பொருளின் கண்டெய்னருக்குள் (சர்வருக்குள்ளேயே தனியாக ஓடும் ஒரு பெட்டி) ஒரு முழு சென்டோஸ் 7. முன்பு சிங்குலாரிட்டி என்று வழங்கி, 2021-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குள் வந்தபோது பெயர் மாறிய அதே மென்பொருள்தான் இது. சிம்லிங்க் வேஷத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, பயனர் ஒவ்வொரு முறையும் கண்டெய்னரைத் தானே அழைத்து உள்ளே போகிறார் என்பது. பழைய உலகத்தில் நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியும். கண்டெய்னரை உருவாக்கும்போது பொதிகளை இறக்கும் யம் கருவியின் முகவரிகளை, பழைய பொதிகள் காப்பில் இருக்கும் சென்டோஸ் வால்ட் பக்கம் திருப்ப மறந்தால் ஒரு பொதிகூட இறங்காது, பழைய மிரர் பட்டியல் முகவரி இப்போது வேலை செய்வதில்லை.

பழைய சர்வரையும் ஓட விடுவது, கேட்பதற்கு மிகவும் பெருந்தன்மையாக இருக்கும் வழி. நடைமுறையில் எனக்கு அதிகத் தலைவலி தந்தது இதுதான். கோப்புகளை இரண்டு சர்வருக்கும் பொதுவாக வைத்தால், புதியதில் தொகுத்த நிரல் பழையதில் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.34 இல்லை என்று நிற்கும், ஏனெனில் அங்கே இருப்பது 2.17; ஒரே பாஷ்ஆர்சி இரண்டு உலகத்துக்கும் பொருந்த வேண்டியிருப்பதால், அதற்குள் நிபந்தனைகள் முளைத்து இன்னும் சிக்கலாகும். கோப்புகளைத் தனித்தனியாக வைத்தாலோ, மூன்றாவது வாரத்தில் ஒருவர் வந்து, ஒரே பெயரில் இரண்டு இடத்திலும் திருத்திய ஆய்வறிக்கைத் தரவைக் காட்டி, எது சரியானது என்று நம்மிடம் கேட்பார். பாதுகாப்புத் திருத்தம் வராத ஒரு இயங்குதளம் இணையத்துக்குத் திறந்து கிடக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழையது இருக்கும்வரை யாரும் நகர மாட்டார்கள். மூன்று மாத அவகாசம் கொடுத்தால் தொண்ணூறாவது நாளில்தான் வேலை தொடங்கும்.

பழைய வட்டைத் தூக்கிப் போடச் சொல்கிறேன் என்று பொருள் கொள்ள வேண்டாம். உள்நுழைவை மூடி, வட்டைப் படிக்க மட்டும் முடிகிற நிலையில் புதிய சர்வரோடு இணைத்துவைக்கலாம். பழைய விடையோடு ஒப்பிட அது உதவும், யாராலும் அதில் புதிதாக எழுத முடியாது. எத்தனை நாள் வைத்திருப்பது என்பதில் நான் ஆறு மாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் அட்டவணைகள் பயனரின் கோப்புறையில் இல்லாமல் வார் பாதையின் ஸ்பூலுக்குள் தனியாக இருப்பதால், கோப்புறைகளை மட்டும் நகலெடுத்த எங்கள் மாற்றத்தில் அவை விட்டுப்போயின. தினமும் ஓடுபவை இல்லை என்ற புகார் செவ்வாய்க்கிழமையே வந்தது, மாதாந்திர வேலைகளுக்கு அடுத்த முதல் தேதியில் வந்தது. ஒரு பேராசிரியரின் கணக்கில் ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் 1 அன்று மட்டும் ஓடி நிதியாண்டுக் கணக்கைத் தொகுக்கும் வரி ஒன்று இருந்திருக்கிறது. மாற்றம் நடந்தது ஜூலையில். அவர் என் மேசைக்கு வந்தது ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், அந்த வட்டை அழித்து வேறொரு இயந்திரத்தில் பொருத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது.