மலையேறும் ரோடு சைக்கிளுக்கு எந்தப் பை?

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறி, ஊட்டியில் இரண்டு இரவு தங்கி, குன்னூர் வழியாக இறங்கும் பயணத்துக்குச் சாமான் அதிகம் தேவைப்படாது. வழியெல்லாம் விடுதியும் உணவகமும் இருப்பதால் கூடாரத்தையும் அடுப்பையும் சுமக்க வேண்டாம். இரவில் உடுத்த ஒரு செட் துணி, மறுநாள் ஓட்டுவதற்கு ஒரு செட், ஸ்வெட்டர், மழைச்சட்டை, இரண்டு ட்யூப், பஞ்சர் ஒட்டும் சாமான், சார்ஜர், பல் துலக்க, குளிக்க என்று எல்லாம் சேர்த்து நான்கைந்து கிலோதான் வரும். முதுகுப் பை, கேரியரில் மாட்டும் பக்கப் பைகள், சீட்டுக்குப் பின்னால் நீளும் பெரிய சீட் பை ஆகிய மூன்றிலும் இந்தச் சுமையை ஏற்றிப் பார்த்துவிட்டு, சீட் பையோடு நின்றுவிட்டேன்.

முதுகுப் பையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. குனிந்து ஓட்டும் சைக்கிளில் அந்தச் சுமை தோளிலும் கழுத்திலும் இறங்குகிறது. ஏற்றத்தில் கொஞ்ச தூரம் போவதற்குள் முதுகு நனைந்துவிடும். அதே ஈரச் சட்டையோடு ஊட்டிக் காற்றில் இறக்கத்துக்குத் திரும்பினால் உடம்பு நடுங்கும். கோவையிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்குப் போதும்.

பிரேமின் முக்கோணத்துக்குள் மாட்டும் பை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பெரும்பாலான சைக்கிள்களில் இரண்டாவது தண்ணீர் பாட்டிலின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால், தாகம் எடுத்த இடத்தில் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு அங்கே செல்லாது. சொந்த பாட்டில் இரண்டாவது வேண்டும்.

ஆக, போட்டி கேரியருக்கும் சீட் பைக்கும்தான். கேரியரும் பக்கப் பைகளும் நல்ல ஏற்பாடு. பை கீழே தாழ்ந்து உட்காருகிறது, அசைவதில்லை. விடுதி வாசலில் கொக்கியைத் தூக்கினால் கையோடு வந்துவிடும். தேயிலைத் தூளும் வர்க்கியும் வாங்கி வர இடம் இருக்கும் (சீட் பையை இறுக்கிச் சுருட்டினால் வர்க்கி தூளாகிவிடும்). கேரியரில் போல்ட் கழன்று விழுந்தாலும், குன்னூரிலோ கோத்தகிரியிலோ எந்த மெக்கானிக் கடையிலும் அந்த அளவில் இன்னொன்று கிடைக்கும்.

சிக்கல் ரோடு சைக்கிளின் அமைப்பிலேயே இருக்கிறது. பெரும்பாலான மாடல்களில் கேரியரை முடுக்கத் துளையே கிடையாது. சீட் கம்பியில் கவ்விப் பிடிக்கும் கேரியர்கள் கிடைக்கின்றன. ஆனால் கம்பி கார்பன் என்றால் அதை அப்படிக் கவ்வவிடக் கூடாது. பெடல் சுழலும் அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் நடுவே உள்ள நீளமும் ரோடு சைக்கிளில் குறைவு. 41 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். நெடும்பயணத்துக்கென்றே செய்த சைக்கிள்களில் அது 44, 45 வரை போகும். அந்த மூன்று நான்கு சென்டிமீட்டர் இல்லாததால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடிக்கிறது. பையைப் பின்னால் தள்ளி மாட்டினால், ஏற்றத்தில் முன்சக்கரம் இலேசாகி ஹேண்டில் அலைகிறது.

எடை கூடுமே என்பார்கள். கேரியரும் இரண்டு சிறிய பக்கப் பைகளும் சேர்ந்தால் சீட் பையைவிட ஒன்றரை கிலோவுக்கு மேல் கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஆளும் சைக்கிளும் சாமானும் சேர்ந்து 80 கிலோ என்றால் இது சுமார் 2 சதவீதம். மூன்றரை மணி நேர ஏற்றத்தில் நான்கைந்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவே. அதற்காக ஒன்றை விட்டு இன்னொன்றை வாங்க மாட்டேன்.

உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது சீட் பையின் ஆட்டம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், கோத்தகிரி ஏறத்தாழ 1,800. இடைப்பட்ட 33 கிலோமீட்டர் முழுவதையும் உட்கார்ந்தே மிதிக்க முடியாது. இடுப்பு வலிக்கும்போதோ கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் செங்குத்தாகும்போதோ எழுந்துதான் மிதிக்க வேண்டும். அப்போது சைக்கிள் வலமும் இடமும் சாய்கிறது. சீட் பைக்குப் பிடிமானம் முன்பக்கம் மட்டும்தான், வால் அந்தரத்தில் நிற்கிறது. சைக்கிள் இடப்பக்கம் சாயும்போது வால் சற்றுப் பிந்தி வந்து அடிக்கிறது. முரண்டு பிடிக்கும் கன்றுக்குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடப்பது போல இருக்கும். இறக்கத்தில் வளைவுக்கு வளைவு சைக்கிளைச் சாய்த்துத் திருப்பும்போது இது எரிச்சலோடு நிற்காது, ஆபத்தாகவும் மாறும். சீட் பையை வாங்கிவிட்டுப் பிறகு விற்றுவிட்ட நண்பர்கள் எல்லோரும் சொன்ன காரணம் இதுதான்.

ஆனால் ஆட்டத்தை அடுக்கும் விதத்திலேயே ஏறக்குறைய முழுதும் ஒழித்துவிடலாம் என்பது என் அனுபவம். கனமான பொருள்கள் எல்லாம் சீட் கம்பியை ஒட்டிய முனையில் போக வேண்டும். டூல், ட்யூப், சார்ஜர், சோப்பு ஆகியவற்றை ஒரு துணியில் சுற்றி அந்த மூலையில் திணிக்கிறேன். அடுத்து, சட்டை துணிகளை மடிக்காமல் இறுகச் சுருட்டிக் குறுக்காக வைக்கிறேன். ஸ்வெட்டர் வால் பக்கம். பையை நிரப்பாமல் பாதியில் விட்டால் உள்ளே இருப்பது நகரும், ஆட்டம் அங்கேதான் தொடங்குகிறது. சாமான் குறைவாக இருந்தால் பையின் வாயை இன்னும் நான்கு சுற்று சுருட்டிச் சிறிதாக்குவதே வழி. முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் சுருட்ட வேண்டும்.

மாட்டுவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் சீட்டின் அடிக்கம்பிகளில் போகும் பட்டைகளை, பை சீட்டின் அடியில் முட்டும்வரை இழுக்க வேண்டும். பிறகு சீட் கம்பியைச் சுற்றும் பட்டை. அந்த இடத்தில் பழைய ட்யூபில் ஒரு துண்டை வெட்டிச் சுற்றிவிட்டால் பட்டை வழுக்காது, கம்பியிலும் கீறல் விழாது. கடைசியாகப் பக்கவாட்டுப் பட்டைகள். இப்போது பையின் வாலைப் பிடித்து உலுக்கிப் பாருங்கள். பை தனியாக ஆடாமல் சைக்கிளும் சேர்ந்து அசைந்தால் சரி. துணி படிந்ததும் பட்டைகள் தளரும் என்பதால், கோத்தகிரி ஏற்றம் தொடங்குவதற்கு முன் நிறுத்தி ஒருமுறை இறுக்கிக்கொள்கிறேன்.

சீட் பையின் இன்னொரு குறை, நடுவழியில் எதையும் எடுக்க முடியாது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் 11, 12 டிகிரி வித்தியாசம் வந்துவிடுகிறது. ஆகவே விண்ட்சீட்டர், கையுறை, கடலை மிட்டாய் மூன்றுக்கும் ஹேண்டில்பாரில் ஒரு சின்னப் பை துணைக்கு இருக்கிறது. அதில் ஒரு கிலோவுக்கு மேல் வைக்காதீர்கள். பிரேக், கியர் கேபிள்களை அது நெரிக்கவும் கூடாது. பர்லியாறு பக்கம் நிறுத்தினால் அதை மூடிவிட்டுத்தான் டீ குடிக்கப் போக வேண்டும், ஜிப் திறந்திருந்தால் குரங்கு விடாது.

பின்விளக்கையும் கவனியுங்கள். சீட் கம்பியில் மாட்டியிருந்த விளக்கைப் பை மறைத்துவிடும். மலையில் பனிமூட்டம் நினைத்த நேரத்தில் இறங்கும், பின்னால் பஸ் வரும். பையின் வாலில் உள்ள வளையத்தில் விளக்கைத் தொங்கவிட்டால் அது தரையைப் பார்க்கும். பின்சக்கர அச்சிலிருந்து சீட்டை நோக்கி ஏறும் பிரேம் தண்டில் கட்டுவதே நல்லது.

மழையைப் பற்றி நான் உறுதியாகச் சொல்ல முடிவது வடகிழக்குப் பருவத்தின் கோத்தகிரி, குன்னூர் மழையை வைத்து மட்டும். அதில் தையல் இல்லாமல் ஒட்டிய சீட் பைக்குள் ஈரம் போகவில்லை. கூடலூர்ப் பக்கத்து ஆடி மழையில் நாள் முழுக்க ஓட்டிய அனுபவம் எனக்கு இல்லை, அங்கே போகிறவர்கள் துணிகளைத் தனியாக ஒரு உறையிலும் போட்டுக்கொள்ளட்டும். கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழியாக ஏறியபோதும் இதே ஏற்பாடு போதுமானதாக இருந்தது. ஆனால் அப்போது மழையே இல்லை.

உயரம் குறைவானவர்களுக்குச் சீட் பையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சிறிய பிரேமில் சீட்டின் அடிக்கம்பிக்கும் டயருக்கும் நடுவே ஒரு சாணுக்குக் குறைவாகவே இருந்தால், பள்ளத்தில் இறங்கும்போது பையின் அடி டயரில் உரசி ஓட்டை விழும். அவர்கள் துளையுள்ள பிரேம் பார்த்து, கேரியரின் மேல்தட்டில் மட்டும் ஒரு சுருட்டுப் பையைக் கட்டிக்கொள்வது மேல். பக்கப் பை இல்லாததால் குதிகால் இடிக்காது. கடைக்குப் போகும்போது பையை மட்டும் பார்த்து வாங்காமல், சொந்தச் சைக்கிளையே கொண்டுபோய், சாமானை நிரப்பி மாட்டி, சீட்டில் உட்கார்ந்த நிலையில் வேறொருவரை அந்த இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள்.