மலையா, ரயில் பாதையா? இரண்டு எட்சிங்குகள்

எட்சிங் என்பது உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரிக்கவைத்து, அவற்றில் மை நிரப்பித் தாளில் அச்சிடும் கலை. நிலக்காட்சி எட்சிங்கை ரசிக்கப் பழக எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களிடம் இரண்டைச் சொல்வேன். ஒன்று, ஸ்காட்லாந்து ஓவியர் டி. ஒய். கேமரனின் 'பென் லெடி' (1911). இன்னொன்று, அமெரிக்கர் எட்வர்ட் ஹாப்பரின் 'அமெரிக்கன் லேண்ட்ஸ்கேப்' (1920).

காட்சியை அமைத்த துணிச்சலில் ஹாப்பர்தான் முந்துகிறார். மலை, ஏரி என்று கண்ணைக் கவர எதுவுமில்லை. படத்தின் அகலம் முழுக்க ஒரு ரயில் பாதை. அதைக் கடக்கும் மாடுகள். அப்பால் ஒரு வீடு. பாதையின் மேடு அதன் அடிப்பகுதியை மறைத்துவிடுகிறது. ஐந்து ஆண்டு கழித்து அவர் தீட்டிய புகழ்பெற்ற 'ஹவுஸ் பை தி ரெயில்ரோடு' ஓவியத்திலும் தண்டவாளம் வீட்டின் அடியை இப்படியே வெட்டும். கிடைத்ததிலேயே வெள்ளையான தாள், அடர்ந்த கறுப்பு மை, தன் ஸ்டுடியோவிலேயே சொந்த அச்சு இயந்திரம் என்று வேலை செய்தவர் ஹாப்பர். அமிலம் ஆழமாக அரித்த கோடுகள் அந்த வெண்மையில் பளிச்சென்று நிற்கும். அதனால் கணினித் திரையில் பார்த்தாலும் படம் அதிகம் இழப்பதில்லை.

கேமரன் அப்படியல்ல. 879 மீட்டர் உயரமுள்ள பென் லெடி மலையைத் திரையில் பார்த்துவிட்டு 'ஒரே இருட்டு' என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது வருத்தம். அந்த இருட்டில்தான் அவருடைய உயிர் இருக்கிறது. அமில வேலையோடு நிறுத்தாமல் டிரைபாயின்ட் முறையையும் சேர்த்தார்; அதாவது ஊசியால் தகட்டை நேரடியாகக் கீறுவது. கீறும்போது கோட்டின் ஓரத்தில் உலோகப் பிசிறு எழும். அது மையைப் பிடித்துக்கொண்டு, தாளில் வெல்வெட் போன்ற மென்கறுப்பாக இறங்கும். ஒவ்வொரு முறை அச்சிடும்போதும் அழுத்தத்தில் பிசிறு நசுங்கும். ஆகவே முதலில் எடுத்த பிரதியும் பின்னால் எடுத்த பிரதியும் ஒன்றல்ல.

திரையில் மட்டும் பார்க்க முடிந்தவர்கள் ஹாப்பரிடம் போகலாம். நேரில் பார்க்க வாய்ப்பிருந்தால் தயங்காமல் கேமரன்தான். எட்சிங் என்ற கலையின் முழு வீச்சு அவரிடம் இருக்கிறது. பெரிய அருங்காட்சியகங்களின் அச்சோவியப் பிரிவுகள் பலவற்றில் முன்கூட்டியே கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். சிகரத்தை அப்புறம் பாருங்கள். முதலில் மலையடிவாரக் கறுப்புக்குள் கோடுகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று தேடுங்கள். நல்ல பிரதி என்றால் தெரியும்.