பார்சலோனாவில் ஒரே ஒரு காலை: எந்தச் சந்தைக்குப் போகலாம்?

பார்சலோனாவில் சந்தை என்றதும் ரம்ப்லா சாலையில் இருக்கும் போக்கேரியாவைக் கைகாட்டிவிட்டுப் பெரும்பாலான பயணக் கையேடுகள் நின்றுவிடுகின்றன. அந்த ஊரில் மாநகராட்சியின் உணவுச் சந்தைகள் ஏறக்குறைய 40 உண்டு, பேட்டைக்கு ஒன்று என்கிற கணக்கில். நாலைந்து நாள் விடுப்பில் போகிறவருக்கு அத்தனையையும் சுற்ற நேரம் கிடைக்காது. அதனால் பழைய நகரத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: போக்கேரியா, சாந்தா கத்தெரினா, சாந்த் அந்தோனி. பழம்பொருள் பிரியர்களுக்காகக் கடைசியில் என்காந்த்ஸ்.

ஒரு சந்தையை எடைபோட நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். அங்கே வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கிறவர்கள் வருகிறார்களா? முழு மீனும் குடலும் மண் ஒட்டிய கீரையும் விற்கிற இடத்தில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் இன்னும் பையோடு வருகின்றன என்று அர்த்தம். நறுக்கிய பழக் கோப்பைகளும் குச்சியில் குத்திய பொரியலும் மட்டுமே முன்வரிசையில் இருந்தால், அந்தக் கடை நம்மை நம்பி நடக்கிறது.

இந்த அளவுகோலில் போக்கேரியா பாதி தேறும், பாதி தேறாது. நகர வாசலுக்கு வெளியே இறைச்சி விற்ற மேசைகளைப் பற்றிய 1217-ஆம் ஆண்டுக் குறிப்பிலிருந்து அதன் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். 1835 கலவரத்தில் அழிந்த சாந்த் ஜுசெப் மடத்தின் நிலத்தில் 1840-இல் சந்தைக்கு நிலையான இடம் அமைந்தது. இன்று தலைக்கு மேல் தெரியும் இரும்புக் கூரை 1914-இல் வந்தது. இவ்வளவு பழைய சந்தையின் ரம்ப்லா பக்கத்து வாசலில் நுழைந்தால், கண்ணில் படுவது வண்ண வண்ணப் பழச்சாறும் கூம்பில் சுருட்டிய பன்றித் தொடைத் துண்டுகளும்தான். முற்பகலில் கூட்டம் நெருக்கித் தள்ளும். படம் எடுப்பவர்களைத் தாண்டி ஒரு கிலோ தக்காளி வாங்கவே உள்ளூர்க்காரர்கள் பாடுபட வேண்டும். நிலைமை முற்றிப்போய், 15 பேருக்கு மேற்பட்ட சுற்றுலாக் குழுக்கள் வெள்ளி, சனிக்கிழமைகளில் பிற்பகல் 3 மணி வரை உள்ளே வரக் கூடாது என்று 2015-இல் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். வரவேற்க வேண்டிய முடிவு.

அதற்காகப் போக்கேரியாவைத் தள்ளிவிடச் சொல்ல மாட்டேன். காலை 8 மணிக்குத் திறக்கும்போதே போய்விடுங்கள். முன்வரிசைகளில் நிற்காமல் நேராக நடுவே போனால் வட்டமாக அமைந்த மீன் கடைகள் வரும். பனிக்கட்டி மேல் சிவப்பு இறால், கணவாய், வாய் பிளந்த மாங்க் மீன். உணவகச் சமையல்காரர்கள் அந்த நேரத்தில்தான் வந்து எடுப்பார்கள். இலையுதிர் காலமானால் பின்கோடிக்குப் போய்க் காட்டுக் காளான்களைப் பாருங்கள். இந்த வட்டாரத்துக் கத்தலான் மக்களுக்குக் காளான் பொறுக்கப் போவது ஒரு குடும்பத் திருவிழா, அதன் செழிப்பு அந்த மேசைகளில் தெரியும். பக்கத்திலேயே சாந்த் கால்த்ரிக் சதுக்கத்தில் சுற்றுவட்டார விவசாயிகள் தங்கள் தோட்டத்துக் காய்களை நேரடியாக விற்கிறார்கள். ரம்ப்லா வழியாக வரும் பெருங்கூட்டத்தில் பலர் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. 10 மணிக்கு மேல் வெளியே வந்துவிடுங்கள். ரம்ப்லாவிலும் சந்தைக்குள்ளும் ஜேப்படி உண்டு, பணப்பையும் கைபேசியும் பத்திரம்.

அங்கிருந்து கால் மணி நேர நடையில், நகரத்தின் பெருந்தேவாலயத்தைத் தாண்டினால் சாந்தா கத்தெரினா. 1848-இல் திறந்த இந்தச் சந்தைதான் நகரத்தின் முதல் கூரையிட்ட சந்தை. இதுவும் ஒரு மடம் இருந்த நிலம்தான், டொமினிக்கன் துறவிகளுடையது. இப்போதைய அலை அலையான கூரையை என்ரிக் மிராய்யேஸும் பெனெதெத்தா தால்யாபுவேயும் வடிவமைத்தார்கள். மிராய்யேஸ் 2000-இல் இறந்துபோக, 2005-இல் வேலை முடிந்து திறக்கப்பட்டது. 67 நிறங்களில் சுமார் 3,25,000 அறுகோண ஓடுகள், காய்கனிக் கடையின் நிறங்களை மேலே பரப்பியதுபோல. தெருவிலிருந்து அதன் விளிம்புதான் தெரியும். முழு அழகும் சுற்றியுள்ள மாடி வீட்டுக்காரர்களுக்குத்தான்.

கூரையை விடக் கீழே நடப்பது எனக்கு முக்கியம். இங்கே நடக்க இடம் இருக்கிறது, விற்பவருக்குப் பேச நேரம் இருக்கிறது. உப்பிட்டுக் காயவைத்த காட் மீனைத் தண்ணீரில் போட்டு உப்பு எடுத்து, உடனே சமைக்கும் பதத்தில் விற்கும் பக்கல்யா கடைகளை நிதானமாக நின்று பார்க்கலாம். கழுத்துப் பகுதி, வால் பகுதி, பிய்த்துப்போட்ட சில்லு என்று வெட்டுக்கு வெட்டு விலை மாறும். சில்லைத் தக்காளியோடும் வெங்காயத்தோடும் ஆலிவ் எண்ணெயில் பிசறினால் எஸ்கெஷாதா, அடுப்பே தேவையில்லாத வெயில்கால உணவு. குழந்தைகளையோ பெரியவர்களையோ அழைத்துப் போகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இந்தச் சந்தையைத்தான். ஆனால் சில நாட்களில் மதியத்துக்குப் பிறகு மூடிவிடும், காலையிலேயே போய்விடுவது நல்லது. அருகில் பெரிய இரும்புக் கட்டடத்தோடு இருக்கும் போர்ன் சந்தையையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1876-இல் கட்டிய அந்தச் சந்தை 1971-இல் வணிகத்தை நிறுத்திவிட்டது. இப்போது உள்ளே இருப்பவை 1700-களின் இடிபாடுகள்.

மூன்றில் என் மனம் சாயும் இடம் சாந்த் அந்தோனி. அந்தோனி ரொவிரா இ திரியாஸ் வடிவமைத்து 1882-இல் திறந்தது. மதில் சுவரை இடித்த பிறகு வெளியே விரிந்த புதிய நகரப் பகுதியின் சந்தை இது. சிலுவை வடிவில் நான்கு கைகள், நடுவில் எண்கோணம். 2009-இல் மூடிப் பழுதுபார்க்கத் தொடங்கியவர்கள் தோண்டியபோது பழைய மதிலின் கொத்தளமும் ரோமானியப் பெருவழியின் தடயமும் கிடைத்தன. வேலை முடிந்து திறக்க 2018 ஆகிவிட்டது. அத்தனை ஆண்டுகளும் வியாபாரிகள் பக்கத்துத் தெருவில் போட்ட தற்காலிகக் கொட்டகையில் கடை நடத்தினார்கள். வாடிக்கையாளர்களும் அவர்களை விட்டுப் போகவில்லை. ஒரு சந்தை பேட்டையோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மெனூத்ஸ் எனப்படும் உள்ளுறுப்புக் கடைகளை இங்கே தேடிப் பாருங்கள். குடல், நாக்கு, கன்றின் தலையும் காலும். தலையையும் காலையும் சேர்த்துக் கொதிக்கவைத்த காப்பிபோத்தா என்ற குழம்பைக் காலை உணவாகவே சாப்பிடுவார்கள். விடியற்காலையில் எழுந்து உழைக்கும் சந்தைத் தொழிலாளர்களின் பழக்கம் அது. முள்கரண்டி பிடித்து உட்கார்ந்து சாப்பிடும் கனமான காலைச் சாப்பாடு. போக்கேரியாவின் அடையாளமாகவே இருந்த பினோச்சு என்ற குடும்பக் கடை, இரத்தம் கலந்த கறுப்புத் தொத்திறைச்சி சேர்த்த கொண்டைக்கடலைக்குப் பேர்போனது, 2023-இல் இந்தச் சந்தைக்கு இடம் மாறியது. சந்தைகளின் நிலவரத்தை நான் சொல்வதைவிட அந்த இடமாற்றமே தெளிவாகச் சொல்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றிலும் உணவுக் கடைகள் இயங்காது. சாந்த் அந்தோனிக்கு மட்டும் அன்றும் ஒரு காரணம் உண்டு: காலை முதல் மதியம் வரை வெளியே பந்தலின் கீழ் பழைய புத்தகச் சந்தை. சித்திரக்கதைகள், அஞ்சல் அட்டைகள், நாணயங்கள் எல்லாம் கிடைக்கும். சிறுவர்கள் கால்பந்து வீரர்களின் படங்களைக் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு மாற்றிக்கொள்வார்கள், கூடவே அப்பாக்களும்.

மீனுக்காகப் போகிறீர்கள் என்றால் திங்கட்கிழமையைத் தவிருங்கள். வார இறுதியில் படகுகள் கடலுக்குப் போவதில்லை. மற்ற நாட்களில் இழுவைப் படகுகள் விடியலில் கிளம்பிப் பிற்பகலில் பார்சலொனேத்தா துறைக்குத் திரும்பும், அங்கேயே ஏலம் நடக்கும். செவ்வாய் காலை மேசையில் இருப்பது திங்கள் மாலை வந்த மீன். இது எல்லாச் சந்தைக்கும் பொருந்தும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் சந்தை நமக்கில்லை என்று ஒதுங்க வேண்டியதில்லை. கொண்டைக்கடலை, வெள்ளை மொச்சை, பயறு வகைகளை வேகவைத்து எடைபோட்டு விற்கும் கடைகள் இந்த ஊர்ச் சந்தைகளின் தனிச்சிறப்பு. கால் கிலோ வெந்த கடலை, கொஞ்சம் ஆலிவ், ஒரு ரொட்டி, தேய்த்துக்கொள்ளப் பழுத்த தக்காளி. மதிய உணவு முடிந்தது. சாப்பாட்டு மேடையில் உட்கார்ந்து கடலை கேட்கும்போதுதான் கவனம் வேண்டும், பன்றி இறைச்சி சேராத கடலைக் குழம்பு அங்கே அரிது. சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்ந்த எஸ்காலிவாதா கிடைத்தால் விடாதீர்கள், அதிலும் மேலே நெத்திலி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கிற நம் கைப்பழக்கத்தை அங்கே அடக்க வேண்டும். காய், பழம் எதையும் வாங்குபவர் தொடுவதில்லை. இன்றைக்குச் சமைக்கவா நாளைக்கா என்று சொன்னால் அதற்கேற்ற பதத்தில் கடைக்காரரே எடுத்துத் தருவார். வரிசை இல்லாததுபோல் தோன்றினாலும் வரிசை உண்டு. வந்ததும் கடைசி ஆள் யார் என்று கேட்டு, அவருக்குப் பின் உங்கள் முறை என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் முன்னே நீட்டிய கைக்கு மரியாதை கிடைக்காது. ஆகஸ்டில் பல கடைகள் விடுப்பில் மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மீன் இல்லாத திங்கட்கிழமையை என்காந்த்ஸுக்குக் கொடுக்கலாம். திங்கள், புதன், வெள்ளி, சனி நடக்கும் பழம்பொருள் சந்தை. 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே பேசப்படுவது, 2013 முதல் குளோரியஸ் சதுக்கத்தின் அருகே கண்ணாடிபோல் மின்னும் உயர்ந்த கூரையின் கீழ் நடக்கிறது. அண்ணாந்து பார்த்தால் கீழே இருக்கும் கூட்டமே தலைகீழாகத் தெரியும். மூன்று உணவுச் சந்தைகளிலும் பேரம் பேசக் கூடாது, இங்கே பேசலாம். சனி தவிர்த்த மற்ற மூன்று நாள் காலையில் பழைய வீடுகளைக் காலிசெய்து கொண்டுவந்த பொருள்களை மொத்தமாக ஏலம் விடுவார்கள். எடுத்தவர்கள் அங்கேயே தரையில் பரப்பி விற்கத் தொடங்கும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் நல்ல செப்புப் பாத்திரங்களும் பழைய ஓடுகளும் கைமாறும், அதனால் கடைகள் முழுதாகத் திறக்கும் நேரத்துக்குக் காத்திருக்காமல் முன்னதாகவே போய்விடுங்கள்.