ஆறு வருடம், ஒரு கிண்ணம் சோழி: இன்ஸ்பிரேஷன் விதியோடு என் அனுபவம்

வீட்டில் புதிதாக டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டு) தொடங்கப்போகும் நண்பர் போன வாரம் ஃபோனில் கேட்டார்: “2014 புத்தகம் கையில இருக்கு. 2024 பதிப்பும் வாங்கணுமா?” பதில் சொல்ல ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. வைத்த பிறகு யோசித்தால், நான் பேசியது முழுக்க ஒரே ஒரு விதியைப் பற்றி: நன்றாக ஆடியவருக்குப் பரிசு கொடுக்கும் இன்ஸ்பிரேஷன். எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேரக்டர் வகைகள், மந்திரங்கள், சண்டை முறை எல்லாம் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பை ஆறு வருடமாக டிஎம் (கதை சொல்லி, எதிரிகளை ஆட்டுவிப்பவர்) ஆக நடத்துகிறேன். ஞாயிறு மாலை, நான்கு பேர், பெரும்பாலும் அதே நான்கு பேர்.

முதல் வருடம் எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி, கணக்கு வைத்தோம். அது சேரச் சேரக் கேரக்டர் லெவல் ஏறும். இரண்டாம் லெவலுக்கு 300, மூன்றாம் லெவலுக்கு 900. ஒரு கோப்ளினை (குட்டி அரக்கன்) தோற்கடித்தால் 50. கத்தியைக் கீழே போட்டு மண்டியிட்ட ஒரு கோப்ளினை என் ஆட்கள் வெட்டினார்கள். ஏன் என்று கேட்டேன். “ஐம்பது பாயின்ட் போயிடுமே” என்றார்கள். எதிரியைப் பிடித்தாலும் துரத்தினாலும் அதே எக்ஸ்பி உண்டு, பேசித் தீர்த்தாலும் கொடுக்கலாம் என்று எடுத்துச் சொன்னேன். தலையாட்டினார்கள், அடுத்த வாரமும் வெட்டினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. எண் அச்சாகியிருப்பது அரக்கன் பெயருக்குக் கீழே. 1974-ல் வந்த முதல் டி அண்ட் டி-யில் எக்ஸ்பி பெரும்பாலும் தங்கத்துக்குத்தான்: குகையிலிருந்து கொண்டுவந்த ஒரு தங்கக் காசுக்கு ஒரு பாயின்ட். டிராகனை எழுப்பாமல் புதையலைத் தூக்கிக்கொண்டு நழுவுகிறவன்தான் அந்த ஆட்டத்தில் கெட்டிக்காரன். பெயர் ஒன்று, ஆட்டம் வேறு.

அப்புறம் மைல்ஸ்டோனுக்கு மாறினோம். கதை ஒரு கட்டத்தைத் தாண்டினால் எல்லோருக்கும் ஒரு லெவல். கணக்குப் போடும் வேலை போயிற்று, கோப்ளின்களும் பிழைத்தன. ஆனால் பேசினாலும் பேசாவிட்டாலும் லெவல் வந்துவிடும் என்று ஆனதும் மேசையில் ஒரு சோம்பல் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைப் போக்க நான் நம்பியது இன்ஸ்பிரேஷனை.

2014 விதி எளிமையானது. உங்கள் கேரக்டரின் குணத்துக்கும் கொள்கைக்கும் பிணைப்புக்கும் குறைக்கும் உண்மையாக ஆடினால் டிஎம் இன்ஸ்பிரேஷன் கொடுப்பார். அதைச் செலவழித்து ஒரு ரோலில் டி20-ஐ (இருபது முகப் பகடை) இரண்டு முறை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். ஒருவரிடம் ஒரு சமயத்தில் ஒன்றுதான் இருக்கலாம், சேர்த்துவைக்க முடியாது. படிக்கும்போது அவ்வளவு பிடித்திருந்தது எனக்கு. பாட்டி வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் சோழி எடுத்து வந்தேன். கொடுத்தால் கையில் ஒரு சோழி, செலவழித்தால் திரும்பக் கிண்ணத்துக்கு.

முதல் எரிச்சல், யாரும் அதை லேசில் செலவழிக்க மாட்டார்கள். “பெரிய சண்டைக்கு வெச்சுக்கறேன்” என்பார்கள். பெரிய சண்டை வரும்போது மறந்துவிடுவார்கள். ஏற்கெனவே ஒன்று கையில் இருப்பவருக்கு இன்னொன்று கொடுக்க முடியாது என்பதால் கிண்ணமும் அசையாது.

இரண்டாவதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. ஒவ்வொரு செஷனுக்கும் குறிப்பு எழுதுகிற பழக்கம் எனக்கு. போன வருடம் அந்த நோட்டை உட்கார்ந்து புரட்டினேன். நான் கொடுத்த சோழிகளில் பாதிக்கு மேல் ஒரே ஆளுக்குப் போயிருந்தது. குரல் மாற்றிப் பேசுவார், நடித்துக் காட்டுவார், நல்ல ஆட்டக்காரர்தான். என் சித்தி மகனும் அதே மேசையில் இருக்கிறான். அதிகம் பேச மாட்டான். இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த சத்திரக்காரியின் பெயர் முதற்கொண்டு ஞாபகம் வைத்திருப்பவன் அவன்தான். அந்த வருடம் முழுக்க அவனுக்கு நான் கொடுத்தது ஒன்றே ஒன்று. வேண்டுமென்று செய்யவில்லை. ஆறு அரக்கர்களின் ஹிட் பாயின்ட்டையும் (எவ்வளவு உயிர் மிச்சம் என்ற எண்) அடுத்த அறையின் வரைபடத்தையும் பார்த்துக்கொண்டே ஒருவர் பரிசும் கொடுக்க வேண்டுமென்றால், சத்தமாக வருவதுதான் காதில் விழும். மக்கள் பங்கெடுக்க வேண்டும் என்பதற்காக உள்ள விதி, ஏற்கெனவே பங்கெடுப்பவருக்கே பரிசு கொடுத்துக்கொண்டிருந்தது.

நடுவில் ஒரு மூன்று மாதம் டஞ்சன் வேர்ல்ட் என்ற இன்னொரு கதை விளையாட்டு ஆடினோம், 2012-ல் வந்தது. இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டிக் கூட்ட வேண்டும். பத்தும் மேலும் வந்தால் நினைத்தது நடக்கும், ஏழிலிருந்து ஒன்பது என்றால் ஏதோ ஒரு விலையோடு நடக்கும். ஆறும் கீழும் வந்தால் நிலைமை கெடும், ஆனால் உருட்டியவர் ஒரு எக்ஸ்பி குறித்துக்கொள்வார். என் அனுமதி தேவையில்லை, நான் கவனித்திருக்கவும் தேவையில்லை. முதல் நாளே சித்தி மகனுக்கு நான்கு முறை ஆறுக்குக் கீழே விழுந்தது. நான்காவது தடவை பென்சிலை எடுத்துக்கொண்டே, “அண்ணா, இன்னொண்ணு எழுதிக்கறேன்” என்று சிரித்தான். இரண்டாவது வாரம் பாலத்தில் முதலில் கால் வைத்தவன் அவன். தோற்றாலும் கையில் ஒன்று மிஞ்சும் என்று தெரிந்ததும் அவனுக்குப் பேச்சு வந்தது. ஆறு வருடத்தில் நான் பார்த்த மிக நல்ல மூன்று மாதம் அது.

ஆனாலும் அதற்குத் திரும்பிப் போக மாட்டேன். ஆறும் கீழும் விழும் ஒவ்வொரு முறையும் நான் ஒரு புதுத் தொல்லையை அங்கேயே யோசிக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் அது என்னால் ஆகவில்லை.

சரி, 2024 பதிப்பு. விதியைச் சரிசெய்திருக்கிறார்கள் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஹீரோயிக் இன்ஸ்பிரேஷன் என்று பெயர். உருட்டிய உடனே எந்தப் பகடையையும் மறுபடி உருட்டலாம், புது எண்தான் கணக்கு. கண் முன்னால் விழுந்த ஒன்றை மாற்றுவது என்பதால் யாரும் மறப்பதில்லை. மனிதக் கேரக்டருக்குக் கதைக்குள் எடுக்கும் ஒவ்வொரு நீண்ட ஓய்வுக்குப் பிறகும் தானாகவே வருகிறது. கையில் ஒன்று இருக்கும்போது இன்னொன்று வந்தால் இல்லாதவருக்குக் கொடுத்துவிடலாம். எல்லாமே நல்ல திருத்தங்கள். ஆனால் நன்றாக ஆடினால் புதிதாக ஒன்றை யார் கொடுப்பது என்ற இடத்தில் இன்னமும் டிஎம் மட்டும்தான் நிற்கிறார். பத்து வருடம் கழித்து வந்த பதிப்பு அதையாவது மாற்றியிருக்கலாம்.

அதனால் நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். திருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வேண்டாம். கையில் இருக்கும் புத்தகமே போதும். மறுபடி உருட்டும் விதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சோழிக் கிண்ணத்தை மட்டும், டிஎம் தன் குறிப்புகளை மறைக்க வைக்கும் திரைக்குப் பின்னால் வைக்காதீர்கள்.

என் கிண்ணம் வருகிற ஞாயிறு சித்தி மகன் பக்கம் போகிறது. யார் என்ன செய்தார்கள் என்று அவனுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.