‘தமிழ் வழிகாட்டியுடன் வரலாற்று நகரங்கள்’ என்று காசு கேட்டால் கவனம்

மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடி, கல்முனைப் பக்கம் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். பள்ளிக்கூட விடுமுறை வருகிறது. ‘பொலன்னறுவை, அனுராதபுரம், சீகிரியா, தம்புள்ளை, கண்டி – அனுபவமுள்ள தமிழ் வழிகாட்டியுடன் கலாசாரச் சுற்றுலா’ என்ற விளம்பரம் வட்ஸ்அப்பில் திரும்பவும் சுற்றுகிறது. போன மாதம் இதே ஆளிடம் காசு கட்டிப் போய் வந்தவர்கள் நாங்கள். தலைக்கு 38,000 ரூபா. தங்குமிடம், சாப்பாடு, நுழைவுச்சீட்டு எல்லாம் அதற்குள் அடக்கம் என்றார்கள்.

எங்களோடு வந்தவர்களில் பாதிப்பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். மற்றவர்கள் உயர்தரத்தில் வரலாறு படிக்கிற பிள்ளைகளும் என் அம்மாவைப் போல வயதானவர்களும். ‘சோழர் காலச் சிவாலயம், தமிழ்க் கல்வெட்டு’ என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் பலர் பெயர் கொடுத்தார்கள்.

விடிய 4 மணிக்கு வரவேண்டிய பஸ் 7 மணி தாண்டித்தான் கல்லாற்றுக்கு வந்தது. வழிகாட்டி எங்கே என்று கேட்டோம். பொலன்னறுவையில் ஏறுவார் என்றார் சாரதி. மன்னம்பிட்டிப் பாலம் கடந்து, பொலன்னறுவையும் வந்த பிறகு கேட்டால், “நான்தான் எல்லாம் காட்டுவன், வாங்க” என்கிறார். வண்டி ஓட்டுபவரே வழிகாட்டுவதில் பிழையில்லை. முறையாகப் படித்து, சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரத்தோடு அப்படித் தொழில் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இவரிடம் அந்த அட்டையும் இல்லை, விஷயமும் இல்லை.

கல் விகாரையின் முன்னால் நின்று, இதைக் காசியப்பன் செதுக்குவித்தான் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். அவர்களும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். காசியப்பன் சீகிரியாவில் ஆண்டது 5ஆம் நூற்றாண்டில். கல் விகாரை பொலன்னறுவையை ஆண்ட பராக்கிரமபாகுவின் காலம், 12ஆம் நூற்றாண்டு. எழுநூறு வருசத்தை ஒரு வசனத்தில் விழுங்கிவிட்டார். எங்களோடு வந்த மாஸ்டர் ஒருவர் அந்த இடத்திலேயே பிள்ளைகளைக் கூப்பிட்டுத் திருத்தினார். படுத்திருக்கும் புத்தர், நிற்கும் சிலை, அமர்ந்த இரண்டு சிலைகள், நான்குமே ஒரே கருங்கல் பாறையில் செதுக்கியவை என்று விளங்கப்படுத்தியதும் அவர்தான். வழிகாட்ட வந்த சாரதி அந்த நேரம் ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இன்றைக்கும் ஆறாதது சிவாலயம்தான். இரண்டாம் சிவ தேவாலயம் என்று பலகை போட்டிருக்கும். முழுக்க முழுக்கக் கல்லால் கட்டிய சின்னக் கோயில். பொலன்னறுவையில் இன்று நிற்கிற கட்டடங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. சோழர் அந்த ஊரைத் தலைநகராக்கி ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்திருந்த காலத்தைச் சேர்ந்தது. முதலாம் விஜயபாகு 1070இல் அவர்களை வெளியேற்றும் மட்டும் ஆட்சி அங்கேதான் இருந்தது. வானவன்மாதேவி ஈஸ்வரம் என்று கோயிலின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. வானவன்மாதேவி ராஜராஜனின் அரசி, ராஜேந்திரனின் தாய். மாஸ்டர் இதையெல்லாம் முப்பது வருசமாகப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர், ஆனால் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. “அங்க எப்ப போறது தம்பி?” என்று கேட்டார்.

“அங்க ஒண்டுமில்ல மாஸ்டர். ரெண்டு கல்லுதான் கிடக்கு. நேரம் போகுது, ஏறுங்க.”

வேளைக்காரர் கல்வெட்டும் அதே கதிதான். புத்தரின் பல்லை வைத்திருந்த தந்ததாதுக் கோயிலைக் காப்போம் என்று தமிழ் வேளைக்காரப் படையினர் உறுதி சொல்லித் தமிழில் பொறித்த கல் அது. நாற்சதுர முற்றத்திலேயே நிற்கிறது. நாங்கள் வட்டதாகே என்ற வட்டக் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து சில எட்டுத்தான். இவருக்கு அப்படி ஒரு கல் இருப்பதே தெரியாது. கேட்டபோது கல்பொத்தை என்ற பெரிய கல்வெட்டைக் காட்டி, இதுதான் அது என்றார். கல்பொத்தை நிசங்கமல்லன் என்ற அரசன் சிங்களத்தில் எழுதுவித்தது. பிழையாகச் சொன்னதைவிட, கேட்டவர்களை வாய்மூட வைக்கப் பார்த்ததுதான் எங்கள் ஆட்களுக்குக் கோபம். அருங்காட்சியகத்துக்கு நேரமில்லை என்று அதையும் தள்ளிவிட்டார். அனுராதபுரம் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. ருவன்வெலிசாயத் தாதுகோபம் வெளிச்சத்தில் அழகாக இருந்தது, உண்மைதான். ஜேதவனாராமயவும் இசுருமுனியாவும் பஸ் கண்ணாடிக்கு வெளியே போயின.

அடுத்த நாள் சீகிரியா. காலை 7 மணிக்கு ஏறினால் வயதானவர்களும் மெதுமெதுவாகச் சிங்கப் பாதம் வரையாவது போகலாம். எங்களை இறக்கியது உச்சி வெயிலில். மேலே போக ஏறக்குறைய 1,200 படி. அம்மாவும் இன்னும் சிலரும் கீழே தண்ணீர்த் தோட்டத்து மர நிழலோடு நிறுத்திக்கொண்டார்கள். டிக்கெட்டுக் காசை சாரதி பஸ்ஸில் வைத்துத் தனியாக வாங்கினார். எல்லாம் அடக்கம் என்று சொன்னீர்களே என்றதற்கு, அது ஹோட்டல் டிக்கெட் மட்டும் என்று வாயில் வந்ததைச் சொன்னார். உள்ளே போனதும் ஒரு பிள்ளை டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், அதில் அச்சடித்த தொகை நாங்கள் கொடுத்ததைவிடக் குறைவு.

மாத்தளையில் மட்டும் நேரம் தாராளமாகக் கிடைத்தது. வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்றுக்குள் பஸ் நுழைந்ததும் காவலாளி வண்டி நம்பரையும் சாரதி பெயரையும் கொப்பியில் எழுதினார். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து, அம்மாவின் முழங்காலில் எண்ணெய் பூசி, ஒரு கிழமையில் வலி பறந்துவிடும் என்றார். கடைசியில் கடைக்குள் கொண்டுபோய் விட்டார்கள். வாங்காமல் வெளியே வருவது வயதானவர்களுக்குச் சங்கடம், அதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். விற்பதில் ஒரு பங்கு கூட்டிவருபவருக்குப் போகும். எத்தனையோ வண்டிகள் இந்த வழக்கத்தில்தான் ஓடுகின்றன. அதனால்தான் சிவாலயத்துக்கு இல்லாத நேரம் அங்கே இருந்தது. கண்டியில் இரத்தினக்கல் கடையும் அப்படியே. அதில் நின்று தலதா மாளிகையின் பின்னேரப் பூசையைத் தவறவிட்டோம். கையும் முழங்காலும் மூடி உடுக்கவேண்டும் என்றும் முன்கூட்டியே சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகள் வாசலில் துணி வாங்கிச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

வந்த பிறகு, விளம்பரம் போட்ட உரிமையாளரிடம் கேட்டோம். முதலில் பதில் இல்லை. பிறகு, அடுத்த ட்ரிப்பில் கழித்துத் தருகிறாராம். காசு அவருடைய சொந்தக் கணக்குக்குத்தான் போயிருக்கிறது. ரிசீட் கேட்டவர்களுக்கு, வங்கிச் சீட்டே ரிசீட் என்றிருக்கிறார்.

நீங்கள் போவதென்றால், வழிகாட்டியின் அனுமதிப்பத்திரத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் சுற்றுலா அதிகார சபையின் 1912க்கு எடுத்துக் கேளுங்கள். எந்த இடத்தில் எத்தனை மணித்தியாலம் என்று எழுத்தில் வாங்குங்கள். பொலன்னறுவைக்கு அரை நாளாவது வேண்டும். அது மட்டும் போதும் என்பவர்கள் மட்டக்களப்பில் ரயில் ஏறிக் கதுறுவெலயில் இறங்கலாம், அங்கிருந்து ஓட்டோ பிடித்தால் கிட்டத்தான். இடிபாடுகளைச் சுற்ற வாடகைச் சைக்கிளும் கிடைக்கும்.

விளம்பரப் படம், வங்கிச் சீட்டுகள், வட்ஸ்அப்பில் அவர் எழுதியவை எல்லாம் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கப் போகிறோம். அவர்களின் இலக்கம் 1977. சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். இதே விளம்பரத்தைப் பார்த்து இந்தக் காலத்துக்குள் போய் வந்தவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், ஒன்றாகவே கொடுப்போம். அட்வான்ஸ் மட்டும் கட்டியிருப்பவர்கள் மிச்சக் காசை அனுப்புவதற்கு முன் வழிகாட்டியோடு ஒருதரம் நேரில் கதையுங்கள். வேளைக்காரர் கல்வெட்டு எங்கே நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.